லூயிகி கால்வானி

லூயிகி கால்வானி (செப்டம்பர் 9, 1737 – டிசம்பர் 4, 1798) இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். உயிருள்ள உடலின் நரம்புகளிலும் தசைகளிலும் மின்சாரம் இயல்பாகவே உள்ளது என்னும் கருத்தைச் சோதனைகள் வழியாக முன்வைத்தவர் இவரே. தவளைக் கால்களைக் கொண்டு இவர் செய்த ஆய்வுகள் இரண்டு வேறுபட்ட துறைகளுக்கு வித்திட்டன. ஒன்று, நரம்பு, தசை, இதயம், மூளை ஆகியவற்றின் மின்செயல்களை ஆராயும் மின்னுடலியங்கியல். மற்றொன்று, இவருடைய முடிவுகளை மறுக்க முயன்ற அலெசாண்ட்ரோ வோல்ட்டா உருவாக்கிய மின்கலம். வியர்வை, உமிழ்நீர், கண்ணீர் போன்ற உடல் நீர்மங்களைக் கொண்டு இயங்கும் வளையும் மின்கலங்கள் அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்டு வருகின்றன. இவற்றின் அடிப்படையும் இவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த விவாதத்தில் இருந்தே தொடங்குகிறது.

இளமையும் கல்வியும்

கால்வானி பொலோனாவில் பிறந்தார். இவருடைய தந்தை தொமெனிக்கோ கால்வானி ஒரு பொற்கொல்லர். தாயின் பெயர் பார்பரா ஃபோஸ்கி. அக்காலத்தில் பொலோனா, போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதியில் இருந்தது. இளமையில் சமயப் பற்று மிகுந்தவராக இருந்த கால்வானி துறவியர் சபை ஒன்றில் சேர விரும்பினார். குடும்பத்தார் அவரை அதிலிருந்து திருப்பிக் கல்வியில் ஈடுபடுத்தினர். ஆயினும் சமயப் பற்று அவரிடம் இறுதிவரை நீங்காமல் இருந்தது. அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டில் அவர் எடுத்த முடிவுக்கும் இதுவே காரணமாயிற்று.

பொலோனா பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களுள் ஒன்று. அங்கு மருத்துவமும் மெய்யியலும் பயின்ற கால்வானி 1759 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1762 ஆம் ஆண்டில் எலும்புகளின் அமைப்பு, வளர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுரை ஒன்றை வழங்கினார். அதே ஆண்டில், தம் ஆசிரியரும் உடற்கூற்றியல் பேராசிரியருமான தொமெனிக்கோ கலியாட்சியின் மகள் லூசியா கலியாட்சியை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

லூசியா கல்வி கற்றவர். கணவரின் சோதனைகளில் துணை நின்றதோடு, அவருடைய எழுத்துகளைச் செப்பம் செய்வதிலும் உதவினார். கால்வானியின் ஆய்வுகளுள் பெரும்பாலானவை வீட்டிலேயே நடைபெற்றன. அந்த வீட்டு ஆய்வுக்கூடத்தில் லூசியாவுடன் கால்வானியின் சகோதரி மக்களும் உதவியாளர்களாக இருந்தனர். அவர்களுள் ஜொவானி அல்தீனி பிற்காலத்தில் இயற்பியல் பேராசிரியரானார்.

உடற்கூற்றியல் பணிகள்

1766 ஆம் ஆண்டில் பொலோனாவின் ஆட்சி மன்றம் கால்வானியை உடற்கூற்றியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராக நியமித்தது. 1772 ஆம் ஆண்டில் பொலோனா அறிவியல் கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாமனார் கலியாட்சி 1775 ஆம் ஆண்டில் இறந்த பின்னர் உடற்கூற்றியல் கற்பிக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1782 ஆம் ஆண்டில் மகப்பேற்றியல் பேராசிரியராகவும் ஆனார். இதற்கிடையே மருத்துவத் தொழிலையும் இவர் கைவிடவில்லை.

மின்சாரத்தில் ஈடுபடுவதற்கு முன் இவர் செய்த ஆய்வுகள் ஒப்பு உடற்கூற்றியலைச் சேர்ந்தவை. பறவைகளின் சிறுநீரகம் பற்றிய கட்டுரை 1767 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பறவைகளின் காதமைப்பு பற்றியும் இவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆனால் அந்தோனியோ ஸ்கார்ப்பா 1772 ஆம் ஆண்டில் வெளியிட்ட காது பற்றிய நூலில் இவர் கண்டவற்றுள் பல இடம்பெற்றுவிட்டன. எனவே கால்வானி எஞ்சியவற்றை மட்டும் சுருக்கி 1783 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொறுமையாக ஆராய்ந்து, காலம் தாழ்த்தி வெளியிடுவது இவருடைய இயல்பாக இருந்தது. மின்சாரம் பற்றிய ஆய்வுகளிலும் இந்த இயல்பைக் காணலாம்.

அக்கால மின்சார அறிவு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் என்பது உராய்வினால் தோன்றும் நிலைமின்சாரத்தையே குறித்தது. கண்ணாடி உருளையைச் சுழற்றி மின்னூட்டம் உண்டாக்கும் இயந்திரங்களும், அதனைச் சேமித்து வைக்கும் லைடன் சாடியும் அறிஞர்களிடம் இருந்தன. தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தைத் தரும் கருவி எதுவும் அப்போது இல்லை. மின்னல் என்பது மின்சாரமே என்பதைப் பெஞ்சமின் பிராங்கிளினின் ஆய்வுகள் உணர்த்தியிருந்தன.

நரம்பின் வழியாகத் தசைக்குச் செல்வது எது என்பது அக்கால மருத்துவர்களிடையே பெரும் வினாவாக இருந்தது. நரம்புகளில் ஒருவகை நுண்ணிய நீர்மம் ஓடுகிறது என்பது பழைய கருத்து. தூண்டலுக்குச் சுருங்கும் ஆற்றல் தசைக்கே உரியது என்பது சுவிட்சர்லாந்து அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலரின் கருத்து. நரம்பில் பாய்வது மின்சாரமாக இருக்கலாம் என்று கூறியோரும் இருந்தனர். ஆனால் உடலின் ஈரமான திசுக்கள் அனைத்தும் மின்சாரத்தைக் கடத்துபவை. அப்படியிருக்க, மின்சாரம் சிதறிப் போகாமல் நரம்பினுள் மட்டும் எவ்வாறு செல்லும் என்ற தடை அவர்கள் முன் நின்றது. மின் திருக்கை போன்ற மீன்கள் மின்சாரத்தால் தாக்குகின்றன என்பது 1770களில் உறுதிப்பட்டபோது, உயிரினங்களில் மின்சாரம் உண்டு என்னும் கருத்து வலுப்பெற்றது.

தவளைச் சோதனைகள்

நோயுற்றிருந்த லூசியாவுக்காகத் தவளைச் சாறு சமைக்கும்போது தற்செயலாகத் தவளைக் கால் துள்ளியது என்றும், அதைக் கண்டே கால்வானி ஆய்வைத் தொடங்கினார் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. இது உண்மை அன்று. கால்வானியின் ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. 1780 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே அவர் தவளைகளைக் கொண்டு திட்டமிட்டு மின்சோதனைகளைத் தொடங்கிவிட்டார் என்பதை அவை காட்டுகின்றன.

தவளையின் பின்னங்கால்களையும், அவற்றுக்குச் செல்லும் நரம்புகளையும், அந்நரம்புகள் இணையும் தண்டுவடப் பகுதியையும் மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை அகற்றுவது கால்வானியின் முறை. இவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்ட கால்கள் மிகச் சிறிய மின்னூட்டத்துக்கும் சுருங்கின.

1781 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எதிர்பாராத நிகழ்வொன்று காணப்பட்டது. மேசை மீது இருந்த தவளையின் நரம்பை உதவியாளர் ஒருவர் அறுவைக் கத்தியின் முனையால் தொட்டார். அதே வேளையில், சற்றுத் தொலைவில் இருந்த உராய்வு மின் இயந்திரத்தில் இருந்து மற்றொருவர் மின்பொறியை எழுப்பினார். இயந்திரத்துக்கும் தவளைக்கும் எந்த இணைப்பும் இல்லாதபோதும் தவளையின் கால்கள் வலுவாகத் துடித்தன. கால்வானி இதனைப் பலமுறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். கத்தியின் எலும்புப் பிடியை மட்டும் பிடித்தபோது துடிப்பு உண்டாகவில்லை. விரல் உலோகத்தைத் தொட்டபோது துடிப்பு உண்டாயிற்று. எனவே கையின் வழியாக மின்சாரம் செல்லும் பாதை தேவை என்பதை அவர் உணர்ந்தார். இது மின்தூண்டலின் விளைவு என்று இன்று விளக்கப்படுகிறது.

செயற்கை மின்பொறியால் உண்டாகும் விளைவை இடிமின்னலும் உண்டாக்குமா என்பதை 1786 ஆம் ஆண்டில் அவர் ஆராய்ந்தார். வீட்டின் உயரமான பகுதியில் இருந்து வந்த கம்பியைத் தவளையின் நரம்புடன் இணைத்தார். காலில் இருந்து மற்றொரு கம்பியைக் கிணற்று நீருக்குள் விட்டார். மின்னல் வெட்டியபோதெல்லாம் கால்கள் துடித்தன.

பின்னர் அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தெளிந்த வானிலையிலும் இவ்விளைவு உண்டாகுமா என்று அறிய விரும்பினார். தவளைகளின் தண்டுவடத்தில் பித்தளைக் கொக்கிகளைச் செருகி, அவற்றை இரும்புக் கம்பித் தடுப்பில் தொங்கவிட்டார். நெடுநேரம் காத்திருந்தும் ஒன்றும் நிகழவில்லை. அதன்பின் கொக்கிகளைக் கையால் இரும்புக் கம்பியுடன் அழுத்தியபோது கால்கள் துடித்தன. வானத்து மின்சாரம் இதற்குக் காரணமா என்ற ஐயத்தைத் தீர்க்க, மூடிய அறைக்குள் இரும்புத் தகட்டின் மேல் தவளையை வைத்துக் கொக்கியைத் தகட்டில் அழுத்தினார். அங்கும் கால்கள் துடித்தன. இயந்திரமும் இல்லை, மின்னலும் இல்லை. இரு உலோகங்களும் தவளையின் உடலுமே அங்கு இருந்தன. கண்ணாடி, பிசின் போன்ற மின்கடத்தாப் பொருள்களை உலோகத்துக்கு மாற்றாகப் பயன்படுத்தியபோது துடிப்பு உண்டாகவில்லை.

விலங்கு மின்சாரக் கொள்கை

மின்சாரம் வெளியில் இருந்து வரவில்லை என்றால் அது தவளையின் உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கால்வானி முடிவு செய்தார். அவர் தசையை ஒரு லைடன் சாடிக்கு ஒப்பிட்டார். தசை இழையின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் சேர்ந்துள்ளன. நரம்பு, சாடியின் உட்புறத்தைத் தொடும் கம்பியைப் போன்றது. உலோக வில் இரண்டையும் இணைக்கும்போது மின்சாரம் பாய்ந்து தசை சுருங்குகிறது. இதுவே அவருடைய விளக்கம். மின்சாரம் நரம்பில் இருந்து சிதறாமல் இருப்பதற்கு, நரம்பைச் சூழ்ந்துள்ள எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் காப்பாக அமைகிறது என்றும் அவர் கருதினார். நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த உறை உள்ளது என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது.

இந்த ஆய்வுகளின் நடுவில், 1788 ஆம் ஆண்டில், ஈளை நோயால் துன்புற்று வந்த லூசியா இறந்தார். சோதனைகளைத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே கால்வானி தம் முடிவுகளை நூலாக்கினார். தசை இயக்கத்தில் மின்சாரத்தின் ஆற்றல்கள் பற்றிய அந்த இலத்தீன் நூல், பொலோனா அறிவியல் கழக வெளியீட்டின் ஏழாம் தொகுதியில் 1791 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டில் அல்தீனி தம் குறிப்புகளுடன் அதன் இரண்டாம் பதிப்பை மொதேனா நகரில் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் தவளைகளைத் தேடிப் பிடித்து இச்சோதனைகளைச் செய்து பார்க்கத் தொடங்கினர்.

வோல்ட்டாவுடன் விவாதம்

பாவியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1792 ஆம் ஆண்டில் இச்சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். தொடக்கத்தில் கால்வானியின் கருத்தை ஏற்றுக்கொண்ட அவர், சில மாதங்களிலேயே மாற்று முடிவுக்கு வந்தார். ஒரே உலோகத்தாலான வில்லைக் காட்டிலும் வெவ்வேறு உலோகங்களாலான வில் வலுவான துடிப்பை உண்டாக்கியது. எனவே மின்சாரத்தின் பிறப்பிடம் தவளை அன்று, இரு உலோகங்களின் தொடர்பே என்று வோல்ட்டா வாதிட்டார். அவர் கருத்துப்படி தவளைக் கால் என்பது மிக நுட்பமான மின்காட்டி மட்டுமே.

வோல்ட்டா தம் நாக்கிலேயே ஒரு சோதனையைச் செய்தார். நாக்கின் நுனியில் வெள்ளீயத் தகட்டையும், அதற்குப் பின்புறம் வெள்ளியையும் வைத்து இரண்டையும் ஒன்றையொன்று தொடச் செய்தபோது புளிப்புச் சுவை தோன்றியது. இதைப் போன்ற ஒன்றை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் சுல்சர் முன்பே எழுதியிருந்தார் எனினும், அதன் காரணம் அறியப்படாமல் இருந்தது. இங்கு உமிழ்நீரே இரு உலோகங்களுக்கும் இடைப்பட்ட கடத்தும் நீர்மமாகச் செயல்பட்டது. அவ்வகையில் இது உடல் நீர்மத்தைக் கொண்டு இயங்கிய ஒரு சிறிய மின்கலமே ஆகும்.

கால்வானி நேரடிப் பூசலை விரும்பாதவர். அவருடைய தரப்பை அல்தீனியே வெளிப்படையாக எடுத்துரைத்தார். கால்வானி சோதனைகளால் விடையளித்தார். 1794 ஆம் ஆண்டில் பெயர் குறிப்பிடாமல் வெளியிடப்பட்ட ஒரு நூலில், உலோகமே இல்லாமல் தவளையின் நரம்பைத் தசையின் மேல் நேரடியாகத் தொடச் செய்தாலும் கால் துடிக்கிறது என்று அவர் காட்டினார். நரம்பும் தசையும் வெவ்வேறு பொருள்கள், அவற்றின் மேலுள்ள நீர்மங்களும் வேறுபட்டவை, எனவே வேறுபட்ட பொருள்களின் தொடர்பே இங்கும் காரணம் என்று வோல்ட்டா மறுத்தார்.

1795 ஆம் ஆண்டில் கால்வானி ஏட்ரியாட்டிக் கடற்கரைக்குச் சென்று மின் திருக்கை மீன்களை ஆராய்ந்தார். 1797 ஆம் ஆண்டில் அறிஞர் லாசரோ ஸ்பலன்சானிக்கு எழுதிய கட்டுரைகளில் தம் மிக முக்கியமான சோதனையை விளக்கினார். ஒரு தவளையின் இரு கால்களையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் நரம்பை மட்டும் விட்டுவைத்தார். ஒரு காலின் நரம்பை மற்றொன்றின் நரம்பின் மேல் விழச் செய்தபோது கால் துடித்தது. இங்கு உலோகம் இல்லை. தொட்டுக்கொண்ட இரண்டும் ஒரே வகைப் பொருள். எனவே வோல்ட்டாவின் மறுப்பு இச்சோதனைக்குப் பொருந்தாது. நரம்பின் வெட்டுண்ட பகுதிக்கும் சிதையாத பகுதிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டு என்பதே இதன் இன்றைய விளக்கம். மின்னுடலியங்கியலின் தொடக்கம் இச்சோதனையே என்று அறிவியல் வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்.

உறுதிமொழி மறுப்பும் இறுதிக் காலமும்

1796 ஆம் ஆண்டில் நெப்போலியனின் படைகள் பொலோனாவைக் கைப்பற்றின. 1797 ஆம் ஆண்டில் வட இத்தாலியில் சிசால்பைன் குடியரசு அமைக்கப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் உட்பட அரசு ஊதியம் பெறுவோர் அனைவரும் புதிய குடியரசுக்குப் பற்றுறுதி கூறி உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. தம் சமய நம்பிக்கைக்கும் மனச்சான்றுக்கும் இது முரணானது என்று கருதிய கால்வானி உறுதிமொழி எடுக்க மறுத்தார். இதனால் 1798 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் தம் பதவிகள் அனைத்தையும் இழந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய பல்கலைக்கழகத்தோடு அவருடைய தொடர்பு அறுந்தது. ஊதியமும் நின்றது.

மனைவியையும் வருவாயையும் இழந்து உடல்நலமும் குன்றிய நிலையில் தம் சகோதரர் ஜக்கோமோவின் வீட்டில் தங்கினார். 1798 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் தமது 61 ஆம் அகவையில் பொலோனாவில் இறந்தார். பொலோனாவில் உள்ள கோர்ப்புஸ் தோமினி தேவாலயத்தில், லூசியாவின் உடல் இருந்த இடத்திலேயே அவருடைய உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

வோல்ட்டாவின் வாழ்வு வேறு வழியில் சென்றது. அவர் 1801 ஆம் ஆண்டில் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் தம் மின்கலத்தை இயக்கிக் காட்டினார். பின்னர் கோமகன் பட்டமும் பெற்றார்.

மின்கலத்தின் தோற்றம்

கால்வானி இறந்த பதினைந்து மாதங்களுக்குப் பின், 1800 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாளிட்ட மடலில், வோல்ட்டா தம் புதிய கருவியைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் தலைவர் சோசப் பாங்சுக்குத் தெரிவித்தார். வெள்ளி அல்லது செம்பு வில்லை ஒன்று, துத்தநாக வில்லை ஒன்று, உப்புநீரில் நனைத்த அட்டை ஒன்று என்ற வரிசையில் பலவற்றை அடுக்கிய கருவி அது. அடுக்கின் இரு முனைகளையும் இணைத்தபோது தொடர்ச்சியான மின்னோட்டம் கிடைத்தது. மின் திருக்கையின் உடலிலும் தட்டுகள் அடுக்கியது போன்ற உறுப்பு இருப்பதைச் சுட்டி, தம் கருவியை அவர் செயற்கை மின் உறுப்பு என்றே அழைத்தார். விலங்கு மின்சாரத்தை மறுப்பதற்காகத் தொடங்கிய ஆய்வு இவ்வாறு விலங்கின் உறுப்பையே முன்மாதிரியாகக் கொண்ட கருவியில் முடிந்தது குறிப்பிடத்தக்கது.

தவளைச் சோதனையில் பித்தளையும் இரும்பும் மின்முனைகளாகவும், திசுக்களில் உள்ள உப்பு நீர்மம் மின்பகுளியாகவும் அமைந்தன. வோல்ட்டாவின் அடுக்கில் அந்த நீர்மத்தின் இடத்தை உப்புநீர் அட்டை எடுத்துக்கொண்டது. ஆயினும், உலோகங்களின் தொடர்பே மின்சாரத்தைத் தருகிறது என்ற வோல்ட்டாவின் விளக்கமும் முழுமையானது அன்று. உலோகத்துக்கும் நீர்மத்துக்கும் இடையே நடைபெறும் வேதிவினையில் இருந்தே மின்கலத்தின் ஆற்றல் கிடைக்கிறது என்பது பின்னர் நிறுவப்பட்டது. எனவே இருவருமே ஓரளவு சரி, ஓரளவு தவறு எனலாம். இரு உலோகங்களைக் கொண்ட சோதனைகளைப் பொறுத்தவரை மின்சாரம் தவளையில் இருந்து வரவில்லை. அதே வேளையில், தவளையின் நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டு என்பதும் உண்மையே.

பிற்கால உறுதிப்பாடு

வோல்ட்டாவின் வெற்றிக்குப் பின் கால்வானியின் கொள்கை பல ஆண்டுகள் புறக்கணிக்கப்பட்டது. அல்தீனி மேற்கொண்ட பொதுமக்கள் முன்னிலையிலான செய்முறைகளும் இதற்கு ஒரு காரணம். 1803 ஆம் ஆண்டில் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரத்தைச் செலுத்தி அவர் தசைகளை அசையச் செய்தார். இத்தகைய செய்முறைகள் வியப்பை ஊட்டினவே அன்றிக் கொள்கையை உறுதிப்படுத்தவில்லை. மேரி செல்லி எழுதிய பிராங்கென்ஸ்டைன் புதினம் தோன்றிய சூழலில் இவ்வகைச் செய்திகளுக்கும் பங்கு உண்டு.

1820களின் இறுதியில் லியோபோல்தோ நோபிலி, தவளையின் உடலில் பாயும் மின்னோட்டத்தைக் கருவி கொண்டு அளந்தார். கார்லோ மத்தேயுச்சி, ஜெர்மானிய அறிஞர் எமில் தியூ புவா ரேமோன் ஆகியோர் 1840களில் தசை, நரம்பு ஆகியவற்றின் மின்னோட்டத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினர். ஆலன் ஹாட்ச்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர் 1952 ஆம் ஆண்டில் நரம்புத் துடிப்பு உருவாகும் முறையைக் கணித வாயிலாக விளக்கினர். இதற்காக அவர்களுக்கு 1963 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் உயிரணுச் சவ்வின் இருபுறமும் வேறுபட்ட அளவில் இருப்பதால், நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தம் கொண்டுள்ளது. சவ்வின் இருபுறமும் எதிரெதிர் மின்னூட்டங்கள் சேர்ந்துள்ளன என்னும் கால்வானியின் லைடன் சாடி ஒப்புமை இவ்விளக்கத்துக்கு நெருக்கமானது. இதயத் துடிப்பைப் பதியும் மின்வரைபடம், மூளை அலைவரைவு, இதயமுடுக்கி ஆகிய அனைத்தும் இவ்வறிவை அடிப்படையாகக் கொண்டவை.

உடல் நீர்ம மின்கலங்கள்

உடலில் அணியும் சிறு கருவிகளுக்கு மின்சாரம் தருவது இன்றைய பொறியியலின் இடர்ப்பாடுகளுள் ஒன்று. வழக்கமான மின்கலங்கள் கடினமானவை. அவற்றினுள் உள்ள வேதிப்பொருள்கள் கசிந்தால் தோலுக்குத் தீங்கு நேரலாம். இதனால் துணியிலும் தாளிலும் மென்படலத்திலும் அமைந்த, வளையக்கூடிய மின்கலங்கள் ஆராயப்படுகின்றன. இவற்றுள் சிலவற்றில் நீர்மம் முன்கூட்டியே நிரப்பப்படுவதில்லை. உடலில் சுரக்கும் நீர்மமே மின்பகுளியாகிறது.

இவ்வகைக் கருவிகள் செயல்படும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் முறையில், மக்னீசியம் அல்லது துத்தநாகம் போன்ற உலோகம் ஒரு மின்முனையாகிறது. வியர்வையில் உள்ள சோடியம், குளோரைடு அயனிகள் மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. உலோகம் படிப்படியாகக் கரைவதே ஆற்றலின் மூலம். இது கால்வானியின் கொக்கிச் சோதனையிலும் வோல்ட்டாவின் நாக்குச் சோதனையிலும் செயல்பட்ட அதே அடிப்படை ஆகும். 2017 ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், துத்தநாக, செம்பு மின்முனைகள் கொண்ட விழுங்கத்தக்க கருவி ஒன்று பன்றிகளின் இரைப்பை நீரைக் கொண்டு சராசரியாக ஆறு நாட்கள் மின்னாற்றல் பெற்றது.

இரண்டாம் முறையில், உலோகம் கரைவதில்லை. வியர்வையில் உள்ள லாக்டேட், கண்ணீரில் உள்ள குளுக்கோசு போன்ற பொருள்களை நொதிகள் ஆக்சிசனேற்றம் செய்கின்றன. அதில் விடுபடும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. இவை உயிரி எரிபொருள் கலங்கள் எனப்படும். 2021 ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் விரல்நுனியில் ஒட்டத்தக்க மெல்லிய கலம் ஒன்றை உருவாக்கினர். விரல்நுனியில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளதால், அணிந்தவர் உறங்கும்போதும் அது மின்சாரம் தந்தது.

மூன்றாம் முறையில், உடலில் இயல்பாக உள்ள மின்னழுத்தமே பயன்படுகிறது. பாலூட்டிகளின் உட்காதில் உள்ள நத்தைச்சுருளில் வேறுபட்ட அயனிச் செறிவு கொண்ட இரு நீர்மங்கள் உள்ளன. அவற்றுக்கு இடையே ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் நிலவுகிறது. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், கினிப் பன்றியின் உட்காதில் நுண்ணிய மின்முனைகளைச் செருகி, இம்மின்னழுத்தத்தால் ஒரு சிறு வானொலி அனுப்பியை ஐந்து மணி நேரம் வரை இயக்கிக் காட்டினர். கிடைத்த திறன் ஏறக்குறைய ஒரு நானோவாட் மட்டுமே. ஆயினும் கால்வானி கூறிய விலங்கு மின்சாரம் ஒரு கருவியை இயக்கவல்லது என்பதற்கு இது நேரடிச் சான்றாகும்.

மின்விலாங்கு மீனின் உறுப்பைப் பின்பற்றி, உப்புச்செறிவு வேறுபட்ட நீர்க்கூழ்ப் பொருள்களை அடுக்கி உருவாக்கிய மென்மையான மின்மூலம் ஒன்றும் 2017 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இதில் 110 வோல்ட் வரை மின்னழுத்தம் பெறப்பட்டது.

இவற்றுக்கு வரம்புகளும் உண்டு. வியர்வையின் அளவு ஆளுக்கு ஆளும் வேளைக்கு வேளையும் மாறுபடும். நொதிகள் நாளடைவில் செயலிழக்கின்றன. கரையும் உலோக முனைகள் தீர்ந்துபோகின்றன. எனவே மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் உணரிகளுக்கே இக்கலங்கள் பொருத்தமானவையாக உள்ளன.

பெயரில் வழங்குபவை

கால்வானியின் பெயர் அறிவியலில் பல சொற்களில் நிலைத்துள்ளது. வேதிவினையால் மின்சாரம் தரும் கலம் கால்வானிக் கலம் எனப்படுகிறது. வோல்ட்டா உருவாக்கிய கருவியின் வகைக்கு அவருடன் விவாதித்தவரின் பெயரும் வழங்குவது குறிப்பிடத்தக்கது. சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கருவிக்குக் கால்வனாமீட்டர் என்னும் பெயரை ஆம்பியர் இட்டார். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு இடுதலும் இவர் பெயராலேயே கால்வனாக்கம் எனப்படுகிறது. வியர்வையின் காரணமாகத் தோலின் மின்கடத்து திறன் மாறுவது கால்வானித் தோல் துலங்கல் எனப்படும். நிலவில் உள்ள கிண்ணக்குழி ஒன்றுக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பொலோனாவின் பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு அருகில் உள்ள சதுக்கம் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அங்கு 1879 ஆம் ஆண்டில் இவருக்குப் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. கையில் ஏந்திய பலகையின் மேல் உள்ள தவளைக் கால்களை நோக்கியவாறு கால்வானி நிற்பதாக அச்சிலை அமைந்துள்ளது.